அசோகவனத்தில் ஒலித்த குரல்

உயிரை விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் மன உறுதியற்றவர்களுக்கே தோன்றும் என்று பலர் கருதுகின்றனர். வால்மீகி ராமாயணத்தின் சுந்தர காண்டம் இதை மறுக்கிறது. பெருங்கடலைத் தாண்டிய அனுமனுக்கே அந்த எண்ணம் தோன்றியது.

இலங்கை முழுவதும் தேடியும் சீதாதேவியைக் காணவில்லை. வெறுங்கையுடன் திரும்பினால் ஸ்ரீராமர் உயிர் தரிக்கமாட்டார். அவரைத் தொடர்ந்து லட்சுமணரும் பரதரும் சுக்ரீவனும் மடிவர் என அனுமனின் மனம் துயரத்தின் மேல் துயரமாக அடுக்கியது. தாம் இறப்பதே மேல் என்ற எல்லைக்கு அவர் வந்துவிட்டார். ஆயினும் அந்த எண்ணத்திற்கு உடனே அடிபணியவில்லை. அதை ஆராய்ந்தார். சாவினால் கேடுகளே விளையும், உயிரோடு இருப்பவனுக்கே நன்மை வந்து சேரும் எனத் தெளிந்தார். அதன் பின்னரே, தாம் இன்னும் தேடாத அசோகவனம் அவர் கண்ணில் பட்டது.

விரக்தியுற்ற மனம் எல்லா வழிகளும் அடைபட்டுவிட்டதாகச் சாதிக்கும். உண்மையில், தேடப்படாத ஓர் இடம் எப்போதும் எஞ்சியிருக்கிறது.

அச்சுறுத்தல் மருந்தாகாது

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் பாரதத்தில் 1,70,924 பேர் தற்கொலையால் உயிரிழந்தனர். குடும்பப் பிரச்சினைகளும் நோயுமே முதன்மைக் காரணங்களாகப் பதிவாகியுள்ளன. துன்புறும் ஒருவரிடம், "இது பாவம், நரகம் கிட்டும்" என்று கூறுவோர் ஆன்மிக வட்டங்களிலும் உண்டு. அச்சொல் அவரது வாயை அடைக்கிறது. வேதனையோ உள்ளேயே தங்கிவிடுகிறது.

'ஆத்மாவைக் கொல்பவர்' இருண்ட உலகங்களை அடைவதாக ஈசாவாஸ்ய உபநிஷதம் கூறுவதைச் சிலர் இதற்கு ஆதாரம் காட்டுவர். ஆதிசங்கரரின் உரையோ, அது ஆத்மாவை அறியாத அஞ்ஞானிகளைக் குறிப்பதாக விளக்குகிறது. நாட்டின் சட்டமும் கருணையின் பக்கம் திரும்பியுள்ளது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது.

கூடி அமர்வதன் பயன்

துயரம் மனிதனைத் தனிமைப்படுத்துகிறது. தான் பிறருக்குப் பாரம் என்ற எண்ணம் தனிமையில்தான் வளர்கிறது. பலர் ஒன்றாக அமர்ந்து தியானிக்கும்போது, பேச இயலாதவருக்கும் ஓர் இடம் கிடைக்கிறது. எண்ணங்கள் எழுந்து மறைவதைப் பார்க்கப் பழகியவர், "நான் வேறு, இந்த எண்ணம் வேறு" என்பதை மெல்ல உணர்கிறார். அனுமன் செய்ததும் இதுவே. மீண்டும் மீண்டும் மனச்சோர்வு நோய்க்கு ஆளாவோர் குணமடைந்த பின், அந்நோய் திரும்பாமல் காக்க, எட்டு வாரக் குழுத் தியானப் பயிற்சியை மனநல மருத்துவமும் இன்று பயன்படுத்துகிறது.

ஆயினும் தியானம் மருத்துவத்திற்கு மாற்று அன்று. நோய் முற்றிய நிலையில், கண்மூடி நெடுநேரம் அமர்வது சிலருக்குக் கலக்கத்தைக் கூட்டவும் கூடும். அத்தகையோரை மருத்துவரின் ஆலோசனையின்றித் தியானத்தில் வற்புறுத்தலாகாது. மருந்தை நிறுத்தச் சொல்வது பெருந்தவறு.

மௌனத்திற்குப் பின்

அசோகவனத்தில் சீதாதேவியும் உயிர் துறக்கத் துணிந்திருந்தார். இந்த இரவே ஆறுதல் கூறாவிடில் அவர் உயிரை விட்டுவிடுவார் என மரத்தில் மறைந்திருந்த அனுமன் அறிந்தார். எந்த மொழியில் பேசினால் தேவி அஞ்சமாட்டார் என்று முதலில் எண்ணிப் பார்த்தார். பின்னர் அறிவுரை ஏதும் கூறாமல், அவருக்கு இனிதான ராமகதையை மெல்லிய குரலில் சொல்லத் தொடங்கினார். சாவின் விளிம்பிலிருந்து மீண்ட ஒருவரே மற்றொருவரை மீட்டார்.

சத்சங்கத்தில் கூடுவோருக்கு இது ஒரு பாடம். தியானம் முடிந்ததும் உடனே கலைந்துவிடாமல் சிறிது நேரம் அளவளாவ வேண்டும். வழக்கமாக வருபவர் வராவிடில், அவர் இல்லம் தேடிச் செல்ல வேண்டும். ஐயம் எழுந்தால், "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என அன்புடன் நேரடியாகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. "ஆம்" என்றால் அவரைத் தனியே விடாமல், ஆபத்தான பொருள்களை அகற்றி, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக இரவும் பகலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

சிந்தனைக்கு

1. நம் தியானக் குழுவில் அண்மையில் வராமல் நின்றுவிட்டவர் யார்?

2. துயரத்தில் உள்ளவர் அஞ்சாமல் பேசத்தக்க இடமாக நம் கூட்டம் இருக்கிறதா?

3. இன்று நம் குரலுக்காகக் காத்திருப்பவர் யார்?