கணனியின் சூட்டைத் தணிப்போம்

2009 இல் யுத்தம் முடிந்த பின்னரும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாத குடும்பங்கள் எம்மிடையே உண்டு. அவர்களுடைய காணி உறுதியின் பிரதி, விதைக்கடன் கணக்கு, பிள்ளைகளின் பாடங்கள் என்பன பல இடங்களில் சங்கத்தின் ஒரேயொரு கணனியில்தான் இருக்கின்றன. சித்திரை வெயிலில் அது திடீரென நின்றுவிட்டால், பழுதாகிவிட்டது என்று முடிவெடுக்கிறோம். பல வேளைகளில் காரணம் சூடு மட்டுமே.

ஏன் சூடாகிறது?

கணனியின் கணக்குகளையெல்லாம் செய்வது 'புறொசெசர்' எனும் சிறிய சில்லு. 1993 இல் வெளிவந்த முதலாவது பென்ரியம் சில்லு சுமார் 15 உவாற்று வெப்பத்தை வெளியிட்டது. இன்றைய மேசைக் கணனிகள் பலவற்றின் சில்லு 65 உவாற்று அளவிலானது. பழைய 60 உவாற்று மின்குமிழின் சூட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்கு நீர் இறைக்கும் இயந்திரத்தில் சிலிண்டரைச் சுற்றித் தகடுகள் இருக்கின்றன. அவற்றிடையே சேறு அப்பினால் இயந்திரம் கொதிக்கும். கணனியிலும் இதே ஏற்பாடுதான். சில்லின் மேல் வெப்பம் கடத்தும் பசை, அதன் மேல் உலோகத் தகடுகள், அதற்கும் மேல் சிறு விசிறி. தகடுகளைத் தூசு அடைத்தாலோ, பசை காய்ந்தாலோ, விசிறி நின்றாலோ சூடு வெளியேறாது.

எப்படி அறிவது?

கணனி மந்தமாகும், விசிறி இரையும், பின்னர் தானாகவே நின்றுவிடும். சூடு 100 பாகை செல்சியசை நெருங்கும்போது பெரும்பாலான சில்லுகள் தம் வேகத்தைக் குறைத்துத் தம்மைக் காத்துக்கொள்கின்றன. அதற்கும் அடங்காவிடின் கணனி நிற்கும். அவ்வேளை மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்தாமல் அரைமணி நேரம் ஆறவிடுங்கள். பின்பு இயக்கியவுடன் 'டிலீற்' அல்லது 'எப் 2' விசையை அழுத்தினால் பல கணனிகளில் வெப்பநிலையும் விசிறியின் வேகமும் திரையில் தெரியும். வேலை எதுவும் இல்லாதபோதே 80 பாகையைத் தாண்டினால் துப்புரவு செய்யும் காலம் வந்துவிட்டது.

செய்ய வேண்டியவை

1. கணனியை நிறுத்தி, மின் இணைப்பைக் கழற்றுங்கள். வெளியே கொண்டுசென்று பக்கத் தகட்டைத் திறவுங்கள். உள்ளே தொடுமுன் பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொடுங்கள். மின்வழங்கிப் பெட்டியை ஒருபோதும் திறக்க வேண்டாம்.
2. விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசை அகற்றுங்கள். ஈரத்துணி கூடாது, வாயால் ஊதவும் கூடாது.
3. தகடுகளைக் கழற்றினால் பழைய பசையைத் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். ஒரு பயறளவு போதும். பழக்கமில்லாதவர்கள் இதைத் திருத்துநரிடம் விடுவது நல்லது.
4. பெட்டியை நிலத்தில் வைக்காமல் மேசையில் வையுங்கள். சுவருக்கும் அதற்கும் இடையே அரை அடி இடைவெளி வேண்டும். தகரக் கூரையின் கீழ் நண்பகலில் நீண்ட நேர வேலையைத் தவிர்த்து, காலையில் செய்யுங்கள்.
5. இயங்கும் கணனியைத் துணியாலோ பொலித்தீனாலோ மூட வேண்டாம். நிறுத்தி ஆறிய பின் மூடுங்கள்.

இவற்றையெல்லாம் தொடங்குமுன் கணக்குகளையும் உறுதிப் பிரதிகளையும் 'பென் டிறைவ்' ஒன்றில் பதிந்து வேறொரு வீட்டில் வையுங்கள். இடம்பெயர்ந்தபோது வேறெதையும் எடுக்க முடியாவிட்டாலும் உறுதிப் பெட்டியைச் சுமந்து வந்தவர்கள் எம்மில் பலர். அந்தக் கவனம் இதற்கும் வேண்டும்.

கலந்துரையாடலுக்கு

1. எமது சங்கக் கணனியில் யார் யாருடைய பத்திரங்கள் உள்ளன? அவற்றின் பிரதி வேறெங்கு உள்ளது?
2. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தூசு அகற்றும் பொறுப்பை எந்த இரு இளைஞரிடம் ஒப்படைப்போம்?