திரையில் கண்ட முகமும் தெருவில் கண்ட முகமும்

காவிரிக் கரையில் வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழையும் கரும்பும் செழித்து விளங்கும் பரமத்தி வேலூர் வட்டாரத்தில் இஸ்லாமியர் தொகை மிகக் குறைவு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழக மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ அறுவர் இஸ்லாமியர். நாமக்கல் மாவட்டத்திலோ இவ்விகிதம் அதனினும் வெகுவாகத் தாழ்ந்தது. பேரூர்களில் பள்ளிவாசலும் பாய் கடையும் உண்டு. ஆயின் சாலையை விட்டு உட்புறம் செல்லச் செல்ல, ஒரு முஸ்லிம் குடும்பமேனும் இல்லாத சிற்றூர்களையே மிகுதியாகக் காண்கிறோம். அத்தகைய சிற்றூரில் பிறந்து வளரும் இளைஞர் ஒருவர் 'முஸ்லிம்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் தம் மனக்கண்ணில் எம்முகத்தைக் காண்கிறார்? அம்முகம் அவருக்கு எங்கிருந்து வந்தது? இவ்வினாக்களை முன்வைத்து, வெகுமக்கள் கலையும் செய்தியும் மக்கள் நம்பிக்கையை உருவாக்கும் வகையினை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன் 1922இல் வெளியிட்ட பொதுமக்கள் கருத்து பற்றிய நூலில், மனிதர் உலகை நேரே கண்டு நடப்பதில்லை, தம் தலைக்குள் இருக்கும் படங்களைக் கண்டே நடக்கின்றனர் என்று விளக்கினார். அச்சுக்கூடத்தில் ஒரே வார்ப்பினின்று மீண்டும் மீண்டும் படியெடுக்கப் பயன்படும் தகட்டின் பெயரை அப்படங்களுக்கு அவர் இட்டு வழங்கினார். நாம் அதனை 'வார்ப்புரு' எனலாம்.

வார்ப்புரு எல்லா இடத்தும் ஒரே வலிமையுடன் செயற்படுவதில்லை. நடிகர் எம்.என்.நம்பியாரை எண்ணிப் பார்க்கலாம். திரையில் அவர் செய்யாத கொடுமை இல்லை. அவரைத் திட்டித் தீர்த்த தாய்மார்கள் தமிழகத்தில் ஏராளம். ஆயின் அவர் புலால் உண்ணாதவர், மதுவைத் தொடாதவர், ஆண்டுதோறும் சபரிமலைக்குச் செல்லும் குருசாமி என்பன பரவலாகத் தெரிந்த பிறகு, அவ்வெறுப்பு மெல்ல மரியாதையாக மாறிற்று. திரை தந்த முகத்தை வாழ்க்கை தந்த முகம் திருத்தியது. திருத்துவதற்கு இரண்டாவது முகம் ஒன்று இருந்தமையாலேயே இது நிகழ்ந்தது. இரண்டாவது முகத்தைக் காணும் வாய்ப்பே இல்லாதவர்க்கு முதல் முகமே முழு உண்மையாகிவிடும்.

சேலமும் பாக்தாதும்

இவ்வட்டாரத்திற்குத் திரைப்படம் எங்கோ சென்னையிலிருந்து வந்த பொருளன்று. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர்.சுந்தரம் சேலத்தில் ஏற்காட்டு மலையடிவாரத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை உருவாக்கிய நிறுவனமாகும். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்' அங்கு உருவாகி 1956ஆம் ஆண்டுப் பொங்கலன்று வெளிவந்தது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த அப்படத்தின் வழியே, நம் சமவெளி மக்கள் பலர் தலைப்பாகையும் நீள அங்கியும் அணிந்த அரபு மாந்தரை முதன்முதலாக வண்ணத்தில் கண்டனர். 1955இல் வெளிவந்த 'குலேபகாவலி'யும் 1960இல் வெளிவந்த 'பாக்தாத் திருடன்' படமும் இவ்வகையினவே.

இங்கு ஒரு சுவையான செய்தி. அலிபாபாவின் கதை பழைய அரபுச் சுவடிகள் எவற்றிலும் காணப்படுவதன்று. சிரியா நாட்டு அலெப்போ நகரத்தைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்னும் கிறித்தவர் 1709இல் பாரிசில் சொல்லக் கேட்டு, அந்துவான் கலான் என்னும் பிரெஞ்சு அறிஞர் தம் நூலில் சேர்த்த கதை அது. பாரிசில் நூலேறி, பம்பாயில் இந்திப் படமாகி, சேலத்தில் தமிழ்ப் படமாகிய ஒரு கதையை 'அரபு நாட்டுக் கதை' என்று நாம் ஐயமின்றி நம்பினோம். ஆயினும் இவ்வகைப் படங்களால் பெரிய தீங்கு விளைந்ததாகச் சொல்ல இயலாது. கதையைக் கதையென்று அறிந்தே மக்கள் கண்டனர். குகைக் கதவு சொல்லுக்குத் திறப்பதைப் பார்த்து வந்தவர், சந்தையில் கண்ட பாயிடம் அம்மந்திரத்தைக் கேட்டதில்லை.

பின்னர் வந்தவர் 'நல்ல பாய்'. 1961இல் பீம்சிங் இயக்கிய 'பாவமன்னிப்பு' படத்தில் இஸ்லாமியப் பெரியவர் ஒருவரால் வளர்க்கப்படும் ரஹீமாகச் சிவாஜி கணேசன் தோன்றினார். நாகூர் ஹனீபாவின் குரலும் டி.எம்.சௌந்தரராசனின் குரலும் அப்படத்தில் இணைந்து ஒலித்தன. மனத்திற்கு இதமளிக்கும் படிமமே இது. எனினும் இதன் வழி வந்த துணைப் பாத்திரங்கள் பலவும் 'நம்பள்', 'நிம்பள்' என்று உடைந்த தமிழ் பேசுவனவாகவே படைக்கப்பட்டன. வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா' 1572இல் தோன்றியது. உமறுப்புலவர் 'சீறாப்புராணம்' பாடினார். மிகப்பெரும்பான்மையோர்க்குத் தமிழே தாய்மொழியாக உள்ள ஒரு சமுதாயத்தைத் தமிழ் அறியாதவராகக் காட்டியது அன்பினாலேயே எனினும், 'இவர் வேற்று நாட்டார்' என்னும் எண்ணத்திற்கு அது வித்திட்டது என்பதைத் தமிழ்த்துறையினராகிய நாம் சொல்லாமல் இருத்தல் ஆகாது.

வெட்டும் ஒட்டும்

1992இல் வெளிவந்த மணிரத்னத்தின் 'ரோஜா' படிமத்தின் திசையை மாற்றியது. இப்படத்தின் கதையைக் காட்டிலும் அது சொல்லப்பட்ட முறையே நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. காசுமீரத் தீவிரவாதிகள் தேசியக் கொடிக்குத் தீ வைக்க, சிறைப்பட்டிருந்த நாயகன் தன் உடலாலேயே அத்தீயை அணைக்கிறான். அக்காட்சியினிடையே தீவிரவாதித் தலைவன் தொழுதுகொண்டிருப்பது மாறி மாறிக் காட்டப்படுகிறது. தொழுகைக்கும் தீக்கும் தொடர்புண்டு என்று எவரும் வாய் திறந்து சொல்லவில்லை. அடுத்தடுத்து வைத்தமையே சொல்லாயிற்று.

படத்தொகுப்பின் இவ்வாற்றலை உருசிய இயக்குநர் லெவ் குலஷோவ் 1920ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே எடுத்துக்காட்டினார். உணர்ச்சியற்ற ஒரே முகத்தை உணவுக் கிண்ணத்துடன் இணைத்துக் காட்டியபொழுது பசி என்றும், சவப்பெட்டியுடன் காட்டியபொழுது துயரம் என்றும் மக்கள் அம்முகத்தைப் படித்தனர் என்பர். வசனத்தை மறுக்கலாம். வெட்டி ஒட்டிய காட்சியை மறுப்பது அரிது. ஏனெனில் அதன் பொருளைப் பார்ப்பவரே கூட்டிக்கொள்கிறார். தாம் கூட்டிய பொருளை எவரும் பிறர் பொய் என்று ஐயுறுவதில்லை. அத்தலைவனே இறுதியில் மனம் மாறி நாயகனை விடுவிக்கிறான் என்பதையும் நடுநிலை கருதிச் சொல்ல வேண்டும். ஆனால் நினைவில் தங்குவது தீயும் தொழுகையுமே. தொழுகையை நேரில் ஒருமுறையேனும் கண்டிராத ஒருவருக்கு அதுவே முதல் அறிமுகமாகவும் அமைந்துவிடுகிறது. பின்வந்த பல படங்களில் தொப்பியும் தாடியும் பாங்கொலியும் ஆபத்தின் முன்னறிவிப்பாகவே ஆளப்பட்டன. ஆலிவுட்டிலும் இதுவே நிலை என்பதை ஏறத்தாழ ஆயிரம் படங்களை ஆராய்ந்து ஜாக் ஷாகீன் 2001இல் நூலாக எழுதினார்.

2013 சனவரியில் 'விஸ்வரூபம்' படத்திற்கு இஸ்லாமிய அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. தமிழக அரசு பதினைந்து நாள் தடை விதித்தது. பேச்சுவார்த்தைக்குப் பின் சில பகுதிகள் நீக்கப்பட்டுப் பிப்ரவரி 7ஆம் நாள் படம் தமிழகத்தில் வெளிவந்தது. எதிர்ப்பின் பின்னிருந்த மனவருத்தம் உண்மையானது. ஆயின் அத்தடையால் படிமம் மெலிந்ததா என்பது ஐயமே. படத்தைக் காண எண்ணாதவரையும் காணச் செய்ததோடு, 'இவர்கள் எளிதில் சினம் கொள்பவர்' என்னும் மற்றொரு வார்ப்புருவுக்கும் அது தீனியிட்டது என்றே தோன்றுகிறது. பெரியோர் இக்கருத்தை மறுக்கலாம்; விவாதத்திற்குரியதே.

செய்தியின் தொடர்ச்சங்கிலி

திரை ஊன்றிய விதை 2020இல் செய்தியில் முளைத்தது. கொரோனா நோய் பரவிய அவ்வாண்டு மார்ச்சு இறுதியில், தில்லி நிசாமுதீன் மர்க்கஸ் கூட்டத்தில் கலந்துகொண்டோரிடம் தொற்று இருப்பது தெரியவந்தது. ஒரு கூட்டத்தால் நோய் பரவியது என்பது மருத்துவச் செய்தி. ஒரு சமுதாயமே திட்டமிட்டுப் பரப்புகிறது என்பது கட்டுக்கதை. இரண்டாவது முதலாவதினும் விரைந்து சென்றது. தொலைக்காட்சி விவாதமும் வாட்சாப் காணொளியும் அதனைச் சுமந்தன. நாட்டின் பல பகுதிகளில் முஸ்லிம் காய்கறி வணிகரைப் புறக்கணிக்கும் அழைப்புகள் எழுந்தன. அவ்வாண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, கூட்டத்திற்கு வந்த அயல்நாட்டினர் மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்ததுடன், ஊடகங்கள் நடத்திய பரப்புரையையும் கண்டித்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டனர் எனக் கருத்துரைத்தது.

இத்தகைய செய்திகளை எவ்வாறு எடைபோடுவது என்பதற்கு நம் மரபில் கருவி இல்லாமலில்லை. செய்தி கொண்டுவருபவனை ஆராய்ந்து தெளியுமாறு திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் பணிக்கிறது. ஹதீஸ் கலையினர் ஒவ்வொரு செய்திக்கும் அதனைச் சொன்னவர், அவருக்குச் சொன்னவர் எனத் தொடர்ச்சங்கிலியைக் கேட்டனர். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் செய்தியின் மதிப்பு குறைந்தது. திரைப்படத்துப் பாக்தாதன்று, மெய்யான பாக்தாத் நகரிலே பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னுல் ஜவ்ஸி, கூட்டத்தைக் கவர்வதற்காகப் பொய்ச் செய்திகளைக் கலந்து சொன்ன கதைசொல்லிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். அக்காலத்து ஊடக விமரிசனம் என்று அதனைச் சொல்லலாம். 423ஆம் குறளும் நாம் அறிந்ததே. வாட்சாப்பில் வரும் செய்திக்கோ 'பலமுறை அனுப்பப்பட்டது' என்னும் குறிப்பு ஒன்றே உண்டு. அறிவித்தவர் பெயர் இல்லை.

எனினும் ஆய்ந்து தெளிதல் மட்டும் போதாது. கார்டன் ஆல்போர்ட் 1954இல் வெளியிட்ட நூலில், வெறும் சந்திப்பினால் தவறான எண்ணம் நீங்காது, சமநிலையில் பொதுநோக்குடன் கூடிப் பழகினாலே நீங்கும் என்றார். சந்தையில் பொருள் வாங்கிவிட்டுப் பிரிவது அறிமுகமாகாது. நான்கு கவுளி வெற்றிலைக்கு விலை பேசுகையில் எவரும் எவரையும் அறிந்துகொள்வதில்லை. ஒரே வகுப்பில் மூன்றாண்டு அமர்ந்து, ஒரே தேர்வுக்கு அஞ்சி, ஒரே உணவைப் பகிர்ந்துண்பது அறிமுகம். இஸ்லாமியர் நிர்வகிக்கும் கல்லூரிகளில் பிற சமய மாணவர் பெருந்தொகையினராகப் பயில்வதன் பயன் இதுவே. நம்முள்ளும் வார்ப்புரு உண்டு. வட்டிக்குக் கொடுக்கும் 'சேட்டு' என்றும், தேநீர்க்கடை 'நாயர்' என்றும் திரை நமக்குக் கொடுத்த முகங்களை நாமும் ஐயமின்றிச் சுமந்துகொண்டுதான் இருக்கிறோம்.

தமிழ்த்துறை மாணவர்க்கு இதில் நல்லதொரு களப்பணி காத்திருக்கிறது. பரமத்தி வேலூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வெவ்வேறு அகவையினரிடம் மூன்று வினாக்களைக் கேட்டு எழுதி வரலாம். தாங்கள் கண்ட படங்களில் நினைவில் நிற்கும் முஸ்லிம் பாத்திரம் யார்? தாங்கள் நேரில் அறிந்த முஸ்லிம் யார்? அவரை எத்தனை ஆண்டுகளாக அறிவீர்கள்? முதல் வினாவுக்கு மட்டும் விடை சொல்வோர் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அதே வினாக்களை, 'முஸ்லிம்' என்னுமிடத்தில் பிற சமுதாயப் பெயர்களை இட்டு, நம் மகல்லாக்களிலும் கேட்க வேண்டும்.