நடைபிணத் தொடர்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

2023ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் தேதி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்ததைக் காக்கநாட்டில் குடியிருக்கும் நம் குடும்பங்கள் எதுவும் மறந்திருக்காது. ஏறக்குறைய பன்னிரண்டு நாட்கள் புகை. பள்ளிகளுக்கு விடுமுறை. வெளியே போனால் முகக்கவசம். ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகிக்கொண்டு வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். அப்போது ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள், போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு கொரியத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தால், பள்ளிக்கூடத் தாழ்வாரம் முழுவதும் செத்தவர்கள் எழுந்து ஓடிவருகிறார்கள். "வெளியேதான் இந்த லட்சணம் என்றால் உள்ளேயுமா?" என்று என் மனைவி சத்தம் போட்டாள். மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இதைப் பார்த்தால்தான் அம்மா, வெளியே இருப்பது பயமாக இல்லை" என்றாள்.

அந்தப் பதில் எனக்குப் புதிராக இருந்தது. அன்றிலிருந்து அவளோடு உட்கார்ந்து பார்த்தும், தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இத்தொடர்களில் பெரும்பாலானவை பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானவை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கே அது பாதித் தொடர் ஓடிய பிறகுதான் தெரிந்தது.

ஆங்கிலத்தில் ஜாம்பி என்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: நடைபிணம். உயிர் இருந்தும் உணர்வற்றுத் திரிபவனை அப்படிச் சொல்கிறோம். 2016இல் சக்தி சௌந்தர்ராஜன் இயக்கத்தில் ஜெயம் ரவி நடித்த 'மிருதன்' இவ்வகையில் தமிழில் முதலில் வந்த படம். மிருகமும் மனிதனும் சேர்ந்த பெயர். நல்ல பெயர்தான், ஆனாலும் எனக்கு நடைபிணமே பிடித்திருக்கிறது.

இந்த நம்பிக்கை கரீபியன் கடலில் உள்ள ஹெய்ட்டி நாட்டிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அங்கே கரும்புத் தோட்டங்களில் மாண்டார்கள். 1791இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804இல் நாடு விடுதலை பெற்றது. அந்த மக்களின் நடைபிணம் யாரையும் கடிக்காது. மந்திரவாதி ஒருவன் எழுப்பிவிட்டால், இறந்தவன் தன் விருப்பமே இல்லாமல் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே இருப்பான். செத்த பிறகும் கூலிவேலை தீராது என்பதுதான் அவர்களுடைய பயம். இலங்கையிலும் மலேயாவிலும் தோட்டங்களுக்குப் போன நம் முன்னோரின் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரவுப் பணி முடிந்து இன்ஃபோபார்க் வாசலில் பேருந்துக்கு நிற்கும் நம் இளைஞர்கள் "ஜாம்பி மாதிரி ஆகிவிட்டேன்" என்று சிரிப்பது, அவர்கள் அறியாமலே, மூலக் கதைக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது.

கூட்டம் கூட்டமாக வந்து மனிதரைத் தின்னும் நடைபிணம் பிறகு வந்தது. 1968இல் ஜார்ஜ் ரொமேரோ என்ற அமெரிக்கர் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் அதற்கு வழிவகுத்தது. இன்றைய தொடர்கள் எல்லாம் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

நம்மிடம் பேய்களுக்கா பஞ்சம்? விக்கிரமாதித்தனின் முதுகில் ஏறிய வேதாளம் பிணத்துக்குள் புகுந்ததுதான். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்திலேயே அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சுகின்றன. கொச்சியிலிருந்து மூவாற்றுப்புழைக்குப் போகும் வழியில் கோலஞ்சேரியைத் தாண்டினால் கடமற்றம். யட்சியை அடக்கிய கத்தனாரின் ஊர். 2004இல் ஏஷியாநெட்டில் அந்தக் கதை தொடராக வந்தபோது மலையாளம் அரைகுறையாகத் தெரிந்த நம் வீடுகளிலும் பார்த்தார்கள்.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கும். யட்சி சுண்ணாம்பு கேட்பாள். பழையனூர் நீலிக்குக் கணவன் செய்த கொலை என்ற வழக்கு இருக்கிறது. நம் பேய்க்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, குறை உண்டு. படையல் போட்டோ, ஆணி அடித்தோ, பேசியோ ஒரு முடிவுக்கு வரலாம். நடைபிணத்திடம் பேச எதுவுமில்லை. அதற்குக் குறையும் இல்லை, கோபமும் இல்லை. நேற்று வரை அது பக்கத்து வீட்டுக்காரர், அல்லது சொந்தத் தங்கை.

அதனால் கதை பிணத்தைவிட்டு உயிரோடிருப்பவர்கள் பக்கம் போய்விடுகிறது. ரசிகர்கள் ஒட்டிக்கொள்வது அங்கேதான் என்று நினைக்கிறேன். 'தி வாக்கிங் டெட்' என்ற அமெரிக்கத் தொடர் 2010 முதல் 2022 வரை 177 பகுதிகள் ஓடியது. 2014இல் ஒரே இரவில் ஒரு கோடியே எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். பிணங்கள் மெதுவாக நடக்கும் என்பது முதல் பகுதியிலேயே தெரிந்துவிடுகிறது. பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் என்ன பார்த்தார்கள்? கொஞ்சம் பேர் ஒரு கூட்டமாக வாழக் கற்பதைப் பார்த்தார்கள். சோற்றை யார் பங்கிடுவது, காயம்பட்டவனை விட்டுவிட்டு ஓடலாமா, கதவைத் தட்டும் அந்நியனை உள்ளே விடலாமா என்ற வழக்குகள்தான் ஒவ்வொரு வாரமும் நடந்தன.

என் மகள் பார்த்த கொரியத் தொடர் 2022 ஜனவரியில் வெளியானது. சக மாணவர்கள் துன்புறுத்திய தன் மகனுக்காக ஓர் அறிவியல் ஆசிரியர் உண்டாக்கிய கிருமி ஒரு பள்ளியில் பரவுகிறது. உள்ளே மாட்டிக்கொண்ட பிள்ளைகள் பெரியவர்கள் வந்து காப்பாற்றுவார்கள் என்று காத்திருக்கிறார்கள். ஹெலிகாப்டர் வந்தும் அவர்களை ஏற்றாமல் திரும்புகிறது. கொரியாவில் 2014 ஏப்ரல் 16 அன்று செவோல் என்ற கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள். இருந்த இடத்திலேயே இருங்கள் என்ற அறிவிப்பை நம்பி இருந்தவர்கள் அவர்கள். அதை அறிந்த பிறகு அந்தத் தொடரைப் பார்த்தால் பிணங்களைவிட அந்தக் காத்திருப்பே பயமுறுத்துகிறது.

மகள் சொன்னதற்கு ஆராய்ச்சியும் ஓரளவு துணை நிற்கிறது. 2020 ஏப்ரலில், கொரோனா உச்சத்தில், கோல்டன் ஸ்கிரிவ்னரும் சகாக்களும் அமெரிக்காவில் 310 பேரிடம் விசாரித்தார்கள். திகில் படங்களை விரும்பிப் பார்ப்பவர்களிடம் மனக்கலக்கம் குறைவாக இருந்தது. குறிப்பாக நடைபிணம், உலக அழிவு போன்ற கதைகளைப் பார்ப்பவர்கள் தாங்கள் ஓரளவு ஆயத்தமாக இருந்ததாகச் சொன்னார்கள். அவர்களே சொன்னதை வைத்துச் செய்த ஆய்வு இது. பார்த்ததனால்தான் தைரியம் வந்தது என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2011இல் நடைபிணங்கள் வந்தால் என்ன செய்வது என்று வேடிக்கையாக ஓர் அறிவுரை வெளியிட்டது. தண்ணீர், உணவு, மருந்து, முக்கிய ஆவணங்கள், குடும்பம் கூடுமிடம். புயலுக்கும் வெள்ளத்துக்கும் வேண்டியவையும் இவையே. சாதாரண அறிவுரையைக் கண்டுகொள்ளாத மக்கள், இதைப் படிக்க முண்டியடித்ததில் அந்த இணையத்தளமே முடங்கியது.

இத்தொடர்களோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. உலகம் குலைந்தால் மனிதனுக்கு மனிதனே எதிரி என்று அவை திரும்பத் திரும்பச் சொல்கின்றன. 2018 ஆகஸ்டில் பெரியாறு பொங்கி ஆலுவாவும் பறவூரும் மூழ்கியபோது நாம் பார்த்தது அதுவா? கேரளக் கடலோரத்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே வந்தார்கள். மலப்புறம் மாவட்டத்தில் ஒரு மீனவர் தண்ணீரில் குனிந்து தன் முதுகையே படியாக்கிப் பெண்களைப் படகில் ஏற்றினார். எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடிச் சேச்சி, ஆலுவாவிலிருந்து வந்த முன்பின் தெரியாத இரண்டு குடும்பங்களைத் தன் வீட்டில் ஒன்பது நாட்கள் வைத்துக்கொண்டார்.

எனினும் முழுப் பொய் என்றும் சொல்ல முடியவில்லை. அதே 2018 மே மாதம் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா வந்தது. பேராம்பிராவில் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி அந்த நோயிலேயே இறந்தார். அவரோடு பணியாற்றிய செவிலியர்களைப் பேருந்தில் பக்கத்தில் உட்காரவிடாமல் ஒதுக்கினார்கள். 2020 ஏப்ரல் 19 அன்று சென்னையில் கொரோனாவால் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லும் கட்டையுமாகத் தாக்கியது. நள்ளிரவில் போலீஸ் காவலோடு சக மருத்துவர் ஒருவர் தம் கையால் மண் தள்ளி அடக்கம் செய்தார். பிணம் எழுந்து வரவில்லை. நாம்தான் அது எழுந்து வந்தது போல ஓடினோம், அடித்தோம்.

வெள்ளத்தில் வந்தவனிடமிருந்து எதுவும் தொற்றாது, நோயில் வந்தவனிடமிருந்து தொற்றும் என்று பயந்தோம். நடைபிணக் கதை அந்த இரண்டாவது பயத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்திப் பேசலாம்.

ஊரைவிட்டு வந்த நமக்கு இதில் தனிக் கவலை ஒன்று இருக்கிறது. ஊரில் வீடு மூழ்கினால் மாமா வீடு, சித்தப்பா வீடு என்று ஓடலாம். இங்கே பதினான்காம் மாடியில், எதிர்வீட்டுக்காரரின் பெயர்ப்பலகையைப் படித்துத்தான் பெயர் தெரியும். மின்தூக்கியில் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். இந்தத் தொடர்களின் முதல் கேள்வி நம்மை அப்படியே தைக்கிறது: எல்லாம் குலைந்த இரவில் யார் கதவைத் தட்டுவாய்?

புகை அடங்கிய வாரத்தில் நாங்கள் மூவரும் இதை ஒரு விளையாட்டாக விளையாடினோம். ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கு ஒரு பெயரைத் தாளில் எழுத வேண்டும். நீங்களும் வீட்டில் எழுதிப் பார்க்கலாம். என் மனைவி மூன்றாம் மாடிச் சேச்சியின் பெயரை எழுதினாள். மகள் எழுதியது எங்கள் வாசல் காவலாளியை. "அந்த ஒடிசா அண்ணனிடம்தான் எல்லா வீட்டுச் சாவியும் இருக்கிறது, மொட்டைமாடிச் சாவியும்" என்றாள். நான் மதுரையில் இருக்கும் என் அண்ணன் பெயரை எழுதியிருந்தேன். மகள் அதை வாங்கிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ரயிலே ஓடாதே அப்பா, பெரியப்பா வீட்டுக் கதவு வரைக்கும் எப்படிப் போவீர்கள்?"