கடல் ஜலம் புகுந்த கிராமங்களில் நிவாரண வேலைக்கு முன் கவனிக்க வேண்டியவை

புயலாலோ கடற்பெருக்காலோ சேதமடைந்த கிராமத்தில் முதலாவது வேலை ஜனங்களைக் காப்பாற்றுவதும், குடிஜலமும் உணவும் கொடுப்பதுமேயாகும். இவ்வேலைகள் யாதொரு பரிசோதனைக்காகவும் ஒரு நாழிகையேனும் காத்திருக்கலாகாது. இதற்கடுத்தபடியாக மணல் அள்ளுதல், கிணறு இறைத்தல், குப்பை கூளங்களை அகற்றுதல், வீட்டு மனைகளை மேடாக்குதல் முதலானவை ஆரம்பமாகின்றன. முன்பின் பாராமல் செய்யப்படும் இவ்வேலைகள் சில இடங்களில் கடல் செய்ததைக் காட்டிலும் நீடித்த கெடுதியைச் செய்துவிடுகின்றன. ஆதலால், இவற்றைத் தொடங்குமுன் கிராமத்தின் மண்ணையும் ஜலத்தையும் மதிப்பிடும் விதத்தை நிலச்சுவான்தார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருப்பது அவசியம்.

2004-ம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ந் தேதி கடல் பொங்கியபோது நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கரையோரத்தில் சம்பாப் பயிர் அறுவடையாகுமுன் உப்பில் மூழ்கிற்று. அடியேன் அப்பொழுது டிப்ளமாப் படிப்பு முடித்துப் புதிதாக வேலைக்கு வந்தவன். கரையை அடுத்த ஒரு கிராமத்தில், மணற்பாங்கான இடத்தில், ஊர் முழுமைக்கும் குடிஜலம் கொடுத்துவந்த கிணறு ஒன்றே ஒன்று. நல்லெண்ணத்துடன் வந்த நிவாரணக் கூட்டத்தார் அதில் எஞ்சின் வைத்து மூன்று நாள் இரவும் பகலும் இறைத்தார்கள். எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றியவர்களில் நானும் ஒருவன். முதல் நாள் உப்புச் சிறிது குறைந்ததாகத் தோன்றிற்று. மூன்றாம் நாள் ஜலம் முன்னிலும் அதிகமாகக் கரித்தது. இறைத்த ஜலத்தைக் கிணற்றிலிருந்து பத்துக் கஜ தூரத்திலேயே பாய விட்டிருந்தபடியால், அதுவும் மணலில் இறங்கிக் கிணற்றுக்கே திரும்பிற்று. அவ்வூர்ப் பெண்கள் அடுத்த மழைக்காலம் கழியும் வரையில் குடத்துடன் லாரிக்குக் காத்து நின்றார்கள்.

இதன் காரணம் எளிதில் விளங்கக் கூடியதே. நல்ல ஜலம் கடல் ஜலத்தைவிடக் கனம் குறைந்ததாகையால், கடற்கரை மணலில் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல ஜலம் நின்றால், அது கீழே சுமார் 40 அடி வரை உப்பு ஜலத்தை அமுக்கி வைத்திருக்கும் என்பது கணக்கு. மேலுள்ளதை வேகமாக இறைத்து மட்டத்தைத் தாழ்த்தினால் அடியிலுள்ள உப்பு ஜலம் மேலேறும். இலங்கையில் மட்டக்களப்புப் பக்கத்துக் கிணறுகளை ஆராய்ந்தவர்களும், பலமுறை இறைப்பதால் பிரயோஜனமில்லை, மழையே உப்பைப் போக்கும் என்று கண்டார்கள். ஆகவே, சேற்றையும் அழுகிய பொருள்களையும் ஒரே தடவை மெதுவாக எடுத்து, அந்த ஜலத்தைத் தூரத்திலுள்ள வடிகாலில் விட்டு, சுவரைக் கழுவிக் குளோரின் பொடி இட்டு, அதன் பின் கிணற்றைச் சும்மா விட்டுவிடுவதே நலம். சும்மா இருப்பதை ஒரு வேலையாக ஒப்புக்கொள்ளும்படி செய்வதுதான் கஷ்டம்.

வயலைப் பொறுத்தமட்டில், கடல் கொண்டுவந்து போட்ட மணலின் கனத்தை முதலில் நாலைந்து இடங்களில் தோண்டி அளந்துகொள்ள வேண்டும். இரண்டொரு அங்குலமாயின் உழுது கலந்துவிடலாம். அதிகமாயின் அகற்ற வேண்டியதுதான். ஆனால் எங்கே கொட்டுவது என்பதை நிச்சயித்த பின்னரே மண்வெட்டியைத் தொடவேண்டும். நான் அறிந்த ஓரிடத்தில் அள்ளிய மணலையெல்லாம் பக்கத்து வடிகாலில் தள்ளினார்கள். 2005-ம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்தது. உப்பைக் கழுவிக்கொண்டு போகவேண்டிய அம்மழை ஜலம் வடிய வழியின்றி வயலிலேயே தேங்கி நின்றது. வடிகால் திறந்திருந்த அண்டை ஊரில் அதே மழையில் நிலம் பெரும்பாலும் தெளிந்துவிட்டது.

ஜிப்சம் விஷயத்திலும் அவசரம் கூடாது. ஜிப்சம் களர் நிலத்துக்குரிய மருந்து. உவர் நிலத்துக்கு நல்ல ஜலமும் வடிகாலுமே மருந்து. மண்ணின் கார நிலை 8.5-க்கு மேற்பட்டிருந்தால் மாத்திரம் ஜிப்சத்தைப்பற்றி யோசிக்கலாம். களிமண் நிலத்தில் உப்புக் கழுவப்பட்ட பின் கார நிலை ஏறுவதுண்டாகையால், மழைக்குப் பின் மறுமுறையும் பரீக்ஷிக்க வேண்டும். உப்புச் சிறிது தணிந்ததும் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது எந்த மண்ணுக்கும் அனுகூலமே.

வீட்டு மனைகளை மேடாக்கக் கரையிலுள்ள மணல் மேடுகளை வெட்டியெடுக்கக் கேட்பார்கள். அருகிலுள்ளது, செலவில்லாதது என்று கிராமத்தாரும் சம்மதித்துவிடுவார்கள். அம்மேடு அலையைத் தடுப்பதுமன்றி, மழை ஜலத்தை உட்கொண்டு மேற்சொன்ன கிணறுகளுக்கு ஊட்டுவதும் அதுவே. மண் வேண்டுமானால் தூர்ந்துபோன உள்நாட்டு ஏரியிலிருந்து உத்தரவு பெற்று எடுப்பது நல்லது.

2018-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி கஜாப் புயலில் தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களில் தென்னைகள் ஏராளமாகச் சாய்ந்தன. சாய்ந்த மரங்களை ஓடையிலும் குளத்திலும் உருட்டிவிடுவது ஜலத்தின் போக்கை அடைக்கும். தோப்பிலேயே மக்க விட்டால் காண்டாமிருக வண்டு அதில் பெருகி, நின்ற மரங்களின் குருத்தையும் தின்னும். துண்டு போட்டு வாடியில் விற்பதோ, இயந்திரத்தால் தூளாக்கி மூடாக்காகப் பரப்புவதோ உத்தமம்.

மதிப்பிடுவதற்குப் பெரிய சாதனங்கள் வேண்டியதில்லை. கிராமப் படத்தின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஜலம் எடுக்கும் பெண்கள் இருவரையும், மடை வாய்க்கால் அறிந்த முதியவர் ஒருவரையும் உடன் அழைத்து, ஒரு பகல் நடந்தால் போதும். கிணறு, குளம், வடிகால், மணல் மேடு, மேய்ச்சல் நிலம் இவற்றைப் படத்தில் குறித்துக்கொண்டு, உத்தேசித்த ஒவ்வொரு வேலைக்கும் எதை எங்கிருந்து எடுக்கப் போகிறார்கள், எங்கே போடப் போகிறார்கள், மழை வந்தால் அது எங்கே போகும் என்று விசாரிக்க வேண்டும். பதில் கிடைக்காத வேலையை நிறுத்திவைக்கக் கிராம உத்தியோகஸ்தர் எழுத்து மூலமாகத் தாலுகா ஆபீசுக்குத் தெரிவிக்கலாம்.

மண் மாதிரியை மேலே படிந்த உப்புப் பொருக்கை நீக்காமல், 6 அங்குல ஆழம் வரை ஒன்றும், அதற்குக் கீழ் 12 அங்குலம் வரை மற்றொன்றுமாகத் தனித்தனியே எடுத்து நிழலில் உலர்த்தவும். உரச் சாக்கில் கட்டலாகாது. சர்வே நம்பர், ஆழம், தேதி, கடல் ஜலம் எத்தனை நாள் நின்றது என்பவற்றை எழுதிய சீட்டுடன் துணிப்பையில் இட்டு மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பவும்.