சித்திரகவி: எழுத்தைக் காக்கும் உருவம்

முருகப்பெருமானின் யந்திரத்திலே இரண்டு முக்கோணங்கள் ஒன்றோடொன்று பின்னிய அறுகோணத்தை அடியார் அனைவரும் தரிசித்திருப்பர். அதன் ஆறு மூலைகளிலும் சரவணபவ என்னும் ஆறெழுத்துக்களும் அமர்ந்திருக்கும். ஓர் எழுத்துக்கு ஓர் இடம்; ஓர் இடத்துக்கு ஓர் எழுத்து. எழுதுபவர் ஓரெழுத்தை மறந்தால் ஒரு மூலை வெறுமையாக நிற்கும். வேறொருவர் வந்து திருத்தும் முன்பே உருவமே பிழையைக் காட்டிவிடும்.

எழுத்தை ஓர் உருவத்துக்குள் அடைத்து வைக்கும் இந்தக் கலை தமிழில் பெரிதும் வளர்ந்தது. அதுவே சித்திரகவி. மிறைக்கவி என்றும் கூறுவர். ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்னும் நால்வகைக் கவிகளுள் இது ஒன்று. புலவர்கள் தம் திறமையைக் காட்டுவதற்காக ஆடிய விளையாட்டு என்று இதனை ஒதுக்குவோரும் உளர். ஆனால் ஏட்டுச் சுவடிக் காலத்தில் பாட்டின் எழுத்து மாறாமல் காத்த காவலாளியாகவும் இது நின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முன்னோர் வகுத்த முறை

திருஞானசம்பந்தப் பெருமான் கி.பி. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். ஈழத்துத் திருக்கோணேச்சரத்தையும் திருக்கேதீச்சரத்தையும் பாடியருளியவர். தாம் அவதரித்த சீகாழியின் மீது அவர் மாலைமாற்று, ஏகபாதம், சக்கரமாற்று, எழுகூற்றிருக்கை எனப் பலவகைச் சித்திரகவிகளை அருளினார். சீகாழிக்குப் பிரமபுரம், வேணுபுரம், தோணிபுரம் முதலாகப் பன்னிரண்டு பெயர்கள் உண்டு. சக்கரமாற்றில் அந்தப் பன்னிரண்டு பெயர்களும் சக்கரம் போலச் சுழன்று வரும்.

பின்னர் எழுந்த தண்டியலங்காரம், கோமூத்திரி, மாலைமாற்று, நாகபந்தம், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம் முதலிய 12 வகைச் சித்திரகவிகளுக்கு இலக்கணம் கூறுகின்றது. இது வடமொழித் தண்டியின் காவியாதர்சத்தைத் தழுவிய நூல். அதே காவியாதர்சத்தைத் தழுவியே சிங்கள மொழியில் சியபஸ்லகர என்னும் பழைய அணிநூலும் எழுந்தது. கண்டிப் பிரதேசத்தில் அயலவராக வாழும் இரு மொழியினருக்கும் அணியிலக்கணம் கற்பித்த ஆசான் ஒருவரே என்பது அறிந்து மகிழத்தக்கது.

ஈழத்திலும் இவ்வழி தொடர்ந்தது. 18ஆம் நூற்றாண்டினரான நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் பாடிய கல்வளையந்தாதி யமகத்தால் அமைந்தது. யமகம் என்பது வந்த எழுத்துக்களே மீண்டும் வந்து வேறு பொருள் தருவதாகும். தமிழகத்தில் பரிதிமாற் கலைஞர் (1870-1903) சித்திரகவி விளக்கம் என ஒரு தனி நூலே எழுதினார். 1929இல் சமாதியடைந்த பாம்பன் ஸ்ரீமத் குமரகுருதாச சுவாமிகள் இயற்றிய சஸ்திர பந்தம், முருகன் திருக்கை வேலின் வடிவத்தில் எழுத்துக்களை அடக்கியது. அதனை நாள்தோறும் பாராயணம் செய்வோர் இன்றும் பலர்.

கடுகண்ணாவைக்கு அண்மையிலுள்ள எம்பெக்க தேவாலயம் கதிர்காமக் கடவுளுக்கு உரியது. அதன் மரத்தூண்களில் பின்னிய கயிற்றுச் சித்திர வேலைப்பாட்டைப் பலரும் கண்டிருப்பர். ஓர் இழை மேலே ஏறி, மற்றொன்றின் கீழே புகுந்து மீண்டும் வெளிவரும். சிற்பி மரத்திலே பின்னியதைப் புலவர் எழுத்திலே பின்னினர். நாகபந்தத்தில் பாம்பின் உடல் எங்கெங்கே குறுக்கிடுகின்றதோ அங்கங்கே நிற்கும் எழுத்து ஒன்றேயாயினும் இரண்டு இடத்துக்கும் பொதுவாக வேலை செய்யும்.

மாலைமாற்று

கற்கத் தொடங்குவோருக்கு எளியது மாலைமாற்று. முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றாக வருவது. பிள்ளைகள் அறிந்த "விகடகவி" இவ்வகையே. திருவிழாக் காலத்தில் சொல்லத்தக்க ஒன்று "தேரு வருதே". தே, ரு, வ, ரு, தே என ஐந்து எழுத்துக்கள். முதலாம் எழுத்துக்கு ஐந்தாம் எழுத்துச் சாட்சி. இரண்டாம் எழுத்துக்கு நான்காம் எழுத்துச் சாட்சி. நடுவில் நிற்கும் வகரத்துக்கு மட்டுமே சாட்சி இல்லை. ஆகவே பிரதி செய்பவர் நடுவெழுத்தைத் தவிர வேறெந்த எழுத்தை மாற்றி எழுதினாலும் பிழை வெளிப்பட்டுவிடும்.

சதுரம்

இனி ஒரு சதுரம் அமைக்கலாம். சதுரக் கோடிட்ட கொப்பியில் கிடையாக மூன்று, நெடுக்காக மூன்று என ஒன்பது கட்டங்களை அடையாளமிட்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதுக.

ப — த — வி
த — வ — சி
வி — சி — றி

கிடையாக வாசித்தால் பதவி, தவசி, விசிறி. நெடுக்காக வாசித்தாலும் பதவி, தவசி, விசிறி. ஒன்பது கட்டங்களை நிரப்ப ஆறே எழுத்துக்கள் போதுமாயின. த, வி, சி ஆகிய மூன்றும் இருமுறை வருகின்றன.

இத்தகைய சதுரத்தைத் தமிழில் அமைப்பது ஏன் கடினம்? மேல்வரியில் வரும் ஒவ்வோர் எழுத்தும் கீழே ஒரு சொல்லின் முதலெழுத்தாக வேண்டும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. புள்ளி வைத்த எழுத்தும் முதலில் வாராது. ஆகையால் பழனி, குமரன் போன்ற சொற்களை மேல்வரியில் இட்டால் அடுத்த வரி நகராது. க, ச, த, ந, ப, ம, வ என்னும் வரிசைகளில் அமைந்த எழுத்துக்களையே தேட வேண்டும். தொடக்கத்தில் ஒற்றெழுத்து இல்லாத சொற்களைத் தெரிந்தெடுத்தால் வேலை இலகுவாகும்.

மேல்நாட்டிலும் இக்கலை உண்டு. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரில், ஐந்து சொற்கள் கொண்ட இலத்தீன் சதுரம் சுவரில் பொறித்தபடி கிடைத்தது. இன்று பத்திரிகைகளில் வரும் குறுக்கெழுத்தின் முன்னோடியை ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21இல் நியூயோர்க் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார். அது சாய்சதுர வடிவில் இருந்தது. தமிழ்ப் புலவர்களோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே 64 கட்டங்களில் சருப்பதோபத்திரம் அமைத்தனர். அடிக்கு எட்டெழுத்தாக நான்கு அடிகளை நேராகவும் தலைகீழாகவும் எழுதினால், எந்தப் பக்கத்திலிருந்து வாசித்தாலும் அதே பாட்டு வரும்.

சக்கரம்

சக்கரத்தில் நடு எழுத்தே உயிர்நிலை. அதனை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அது நடுவில் வரும் சொற்களைத் தேடுதல் வேண்டும். மகரத்தை நடுவில் வைத்து எட்டு ஆரைச் சக்கரம் ஒன்று:

அ — வி — சு
கு — ம — ரா
தி — லா — லா

இடமிருந்து வலமாகக் குமரா. மேலிருந்து கீழாக விமலா. மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்கு அமலா. மேல் வலது மூலையிலிருந்து கீழ் இடது மூலைக்குச் சுமதி. நான்கு சொற்களுக்கு 12 எழுத்துக்கள் வேண்டும். இங்கே ஒன்பது கட்டங்களே உள்ளன. ஒரு மகரம் நான்கு சொற்களைத் தாங்குகின்றது. அதனை மாற்றினால் நான்கும் சிதையும்.

இவற்றுள் குமரா, விமலா என்னும் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுக. மேலே கு, கீழே ம, மேலே ரா என ஏறி இறங்கி வாசித்தாலும் குமராவே வரும். கீழே வி, மேலே ம, கீழே லா என்றால் விமலா. நடந்து செல்லும் பசுவின் நீர்த்தாரை நிலத்தில் வளைந்து விழுவது போல் வாசிப்பதால் இதற்குக் கோமூத்திரி என்று பெயர்.

தேர்

எழுகூற்றிருக்கை தேர் வடிவானது, ரதபந்தம் என்பர். இங்கே எழுத்துக்குப் பதிலாக எண்ணுப்பெயர்கள் தட்டுத்தட்டாக ஏறி இறங்கும்.

1 2 1
1 2 3 2 1
1 2 3 4 3 2 1

இவ்வாறு ஒவ்வொரு தட்டும் இரண்டு கட்டம் விரிந்து, 7 வரை ஏறி இறங்கும் தட்டில் 13 கட்டங்களாகும். சம்பந்தரை அன்றி நக்கீரதேவ நாயனார், குடந்தைப் பெருமாளைப் பாடிய திருமங்கையாழ்வார், சுவாமிமலை முருகனைப் பாடிய அருணகிரிநாதர் ஆகியோரும் இதனை இயற்றினர்.

எண்ணை வெறும் எண்ணாகவே சொன்னால் அது வாய்பாடாகிவிடும். ஆகவே சிலேடை துணைக்கு வரும். ஆறு என்பது எண்ணும் ஆகும், நதியும் ஆகும், வழியும் ஆகும். அஞ்சு என்றால் ஐந்து. பயப்படு என்றும் பொருள். இரு என்றால் இரண்டு. பெரிய என்றும் பொருள். நால்வாய் என்பது தொங்கும் வாயுடைய யானை. நான்கு என்னும் எண்ணும் அதனுள் மறைந்திருக்கும். எண் தெரியாமல் வாசிப்பவருக்கு அது துதி. எண்ணத் தெரிந்தவருக்குத் தேரும் தெரியும்.

சாட்சியும் காவலும்

இக்கலை இன்று எந்த நிலையில் இருக்கின்றது? தோத்திரப் புத்தகங்கள் பலவற்றில் பந்தப் பாட்டு மாத்திரம் அச்சாகின்றது; படம் விடப்படுகின்றது. இடம் மிச்சம், செலவு மிச்சம் என்று எண்ணுவர். பின்னர் அப்பாட்டைக் கணினியில் அடிப்பவர் லகரத்தை ளகரமாக்குவார். அதனைக் கைத்தொலைபேசியில் அனுப்புபவர் அந்தப் பிழையுடனேயே நூறு பேருக்கு அனுப்புவார். சிலர் பொருள் விளங்காத சொல்லைத் தாமே திருத்தியும் விடுவர். பந்தப் பாட்டில் அவ்வாறு திருத்துவது தேரின் அச்சாணியைக் கழற்றுவதற்கு ஒப்பாகும். ஆனால் படம் பக்கத்தில் இருந்தால், எழுத்துக்களைக் கட்டத்தில் வைத்த மாத்திரத்தே பிழை தெரிந்துவிடும்.

கணக்குப் பதிவேட்டில் கிடையாகக் கூட்டிய தொகையும் நெடுக்காகக் கூட்டிய தொகையும் ஒத்து வருகின்றனவா என்று பார்ப்பது போன்றதே இது. மேலே கண்ட பதவிச் சதுரத்தின் மூன்று சொற்களையும் ஒருவர் தனித்தனியே எழுதும்போது பதவியைப் "பதுவி" என்று எழுதினால், கட்டத்தில் கிடையும் நெடுக்கும் ஒவ்வாது, பிழை பிடிபடும். ஆயினும் ஓர் உண்மையையும் மறைத்தலாகாது. மூலைவிட்டத்தில் உள்ள ப, வ, றி மூன்றும் ஒருமுறையே வருவதால் அவற்றுக்குச் சாட்சி இல்லை. விசிறியை "விசிரி" என்று எழுதினால் சதுரம் காட்டிக் கொடுக்காது. சொல்லறிவுதான் காட்ட வேண்டும். ஆகவே உருவம் காவல் செய்யும். ஆனால் காவலாளிக்கு மேலே எழுத்தறிந்த ஒருவரும் வேண்டும். றகர ரகர வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் கடமை எந்த யந்திரத்தாலும் நீங்காது.

பிள்ளைகள் செய்து பார்க்க

அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகள் பின்வரும் ஒழுங்கில் முயலலாம்.

1. உருவத்தை முதலில் வரைக. பாட்டைப் பின்னர் தேடுக.
2. கோடுகள் சந்திக்கும் கட்டங்களுக்கு வட்டமிடுக. அவையே பொது எழுத்தின் இடங்கள்.
3. பொது எழுத்தை முதலில் நிரப்புக. மற்றவை தாமாக இடம் தேடி வரும்.
4. வாசிக்கும் திசையை அம்புக்குறியால் காட்டுக.
5. முடிந்ததும் படத்தை மூடி வைத்துவிட்டுச் சொற்களை வேறொருவரைக் கொண்டு எழுதுவித்து, மீண்டும் கட்டத்தில் வைத்துச் சரிபார்க்க.

வரையத் தெரியாத சிறுவருக்கும் வழி உண்டு. அக்கரச்சுதகம் என்பது எழுத்தை நீக்கி வேறு சொல் காண்பது. அவலம் என்பதன் முதலெழுத்து நீங்கினால் வலம். எழுத்து வருத்தனம் என்பது எழுத்தைக் கூட்டுவது. புரத்துக்கு முன்னே ஓரெழுத்து வந்தால் கோபுரம். வினாவுத்தரம் என்பது விடைகளைச் சேர்த்து ஒரு பெயரைக் காண்பது. கதிரவன் வீசுவது எது? கதிர். மனிதன் அடக்க வேண்டியது எது? காமம். இரண்டையும் சேர்த்தால் கதிர்காமம்.

இன்னும் ஒன்று. நஞ்சுக்கு இரண்டெழுத்துப் பெயர் என்ன? கோகுலத்துப் பிள்ளையை யசோதை எவ்வாறு அழைப்பாள்? கையிலுள்ளதை நிலத்தில் விடச் சொல்லும் ஓரெழுத்துச் சொல் எது? மூன்று விடைகளையும் வரிசையாக எழுதிப் பார்க்கும் பிள்ளை, தான் பிறந்த ஊரின் பெயரையே அங்கே காணும். கடு, கண்ணா, வை.

ஊர்ப்பெயரில் விளையாடத் தொடங்கும் பிள்ளை ஒருநாள் வேலின் படத்தில் விரல் வைத்து, எழுத்தெழுத்தாகச் சஸ்திர பந்தத்தைத் தொடர்ந்து செல்லும். ஆதலால் இனி அச்சிடும் தோத்திரப் புத்தகங்களில் பந்தப் பாட்டுக்கு அருகே அதன் படத்தையும் சேர்த்தே அச்சிடுதல் நன்று. ஒரு பக்கம் கூடினாலும் ஓரெழுத்தும் குறையாதிருக்கும். எழுத்து வடிவாய் எழுந்தருளியிருக்கும் எம்பெருமான் அதற்குத் திருவருள் புரிவாராக.