சொல்தா தாத்தாவின் டிரங்குப் பெட்டி: பிரெஞ்சுப் படை உடுப்பையும் சின்னங்களையும் அடையாளம் காண முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியில் சொல்தா வீடுகள் இன்னும் இருக்கின்றன. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களின் வீடுகள். அந்தப் பெரியவர் காலமான பிறகு பரண்மேல் ஒரு டிரங்குப் பெட்டி மிஞ்சும். உள்ளே ஒரு கெப்பி என்னும் படைத் தொப்பி, இரண்டு மூன்று மெடல், சில பொத்தான்கள், ஒரு கட்டுப் போட்டோக்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு தெரியாது. மெடல் பழைய சாமான் கடைக்குப் போகிறது, கெப்பி குழந்தைகளின் விளையாட்டுக்குப் போகிறது. இப்படிப் பிரிந்துவிட்டால், அவர் எங்கே போனார், என்ன செய்தார் என்று சொல்ல வேறு சாட்சி கிடையாது. ஆகவே முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்: பெட்டியில் இருப்பதைப் பிரிக்காதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகக் கற்றுக்கொள்ளலாம். ஒரு பூதக்கண்ணாடி, ஒரு நோட்டு, நல்ல பகல் வெளிச்சம் இருந்தால் போதும்.

கை வைப்பதற்கு முன்

எது எதன் பக்கத்தில் இருந்தது என்று பெட்டியைத் திறந்தபடியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே உறையில் இருந்த மெடலும் காகிதமும் ஒருவருடையவையாக இருக்கலாம். கலந்துவிட்டால் அந்தத் தொடர்பு போயிற்று.

பித்தளையைக் கண்டால் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இங்கே அது கூடவே கூடாது. புளியின் அமிலம் மேல்பூச்சை அரிக்கும். பொடி எழுத்துகளும் மழுங்கிப்போகும். உலர்ந்த மென்துணியால் தூசியை மட்டும் எடுங்கள். வீராம்பட்டினம் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் உப்புக் காற்றுக்குக் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்: கஞ்சி போடாத, துவைத்த பருத்தித் துணியில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள். கம்பளி உடுப்பின்மேல் பாச்சை உருண்டை நேராகப் படக்கூடாது.

படி 1: காலத்தைக் குறுக்குங்கள்

1814ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைப்படி பிரான்ஸ் தன் இந்தியப் பகுதிகளில் காவலுக்குத் தேவையான அளவு படையை மட்டுமே வைத்துக்கொள்ள முடிந்தது. அந்தச் சிறு சிப்பாய்ப் படையின் உடுப்பு வீட்டுப் பெட்டியில் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் நம் கையில் சிக்குவது பின்னால் வந்தது. 1881இல் வந்த ஆணை, இந்தியத் தனிச் சட்ட உரிமையைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வர வழி திறந்தது. அப்படித் துறந்த குடும்பங்களில் பலர் இந்தோசீனாவின் அரசு வேலைக்கும் படைக்கும் போனார்கள். பிறகு முதல் உலகப்போர். 1940 செப்டம்பரில் புதுச்சேரி தெ கோலின் சுதந்திர பிரான்சோடு சேர்ந்தது. 1945 முதல் 1954 வரை இந்தோசீனப் போர், அதையடுத்து அல்ஜீரியா. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான இணைப்பு முடிந்தது. இந்த ஆண்டுகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

படி 2: பிரெஞ்சா, பிரிட்டிஷா?

எல்லைக்கு அந்தப்புறம் கடலூரும் விழுப்புரமும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தவை. சம்பந்தி வீட்டுச் சாமானும் ஒரே பெட்டிக்குள் வந்திருக்கலாம். மெடலின் விளிம்பைப் பாருங்கள். முதல் உலகப்போர்க் காலம் வரையிலான பிரிட்டிஷ் மெடல்களில் பெரும்பாலும் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். பிரெஞ்சு மெடல்களில் பொதுவாகப் பெயர் இருக்காது. அரசன் தலை, கிரீடம் என்றால் பிரிட்டிஷ். பெண்ணின் தலையைச் சுற்றி ‘ரெபுப்ளிக் ஃப்ரான்சேஸ்’ என்ற எழுத்து என்றால் பிரெஞ்சு. பாரிஸ் நாணயச்சாலையில் அடித்தவற்றின் விளிம்பில், பழமும் பூவும் நிறைந்த கொம்பு வடிவில் மிகச் சிறிய முத்திரை ஒன்று தெரியும்.

படி 3: நங்கூரத்தைத் தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு குறியைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது நங்கூரமாக இருக்கட்டும். பிரெஞ்சுக் காலனிப் படை கடற்படையைச் சேர்ந்த தரைப்படையிலிருந்து பிறந்தது. 1900இல் தரைப்படை நிர்வாகத்துக்கு மாற்றப்பட்டபோது அதன் பெயர் மாறியது, நங்கூரம் மாறவில்லை. ஆகவே பொத்தானில், கழுத்துப்பட்டியில், கெப்பியின் முன்புறத்தில் நங்கூரத்தைக் கண்டால் ‘கப்பல் படை’ என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் அவர் காலனிக் காலாட்படை அல்லது பீரங்கிப்படை ஆள். நங்கூரம் இல்லாமல், தீ வெடிக்கும் கையெறிகுண்டு இருந்தால் அது பிரான்சின் உள்நாட்டுக் காலாட்படையைக் காட்டும். வெளிநாட்டார் லெஜியோனும் குண்டுச் சின்னத்தையே அணிந்தது.

பொத்தானின் பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். ‘டி.டபிள்யூ. & டபிள்யூ., பாரிஸ்’ என்பது பிரெஞ்சுப் படைக்குப் பொத்தான் செய்த நிறுவனத்தின் குறி. உலோகத்தில் வண்ணப்பூச்சோடு மார்பில் குத்தும் படைப்பிரிவுச் சின்னங்களின் பின்புறம் ‘த்ராகோ’, ‘ஆர்துஸ் பெர்த்ரான்’ போன்ற பெயர்களும், சிலவற்றில் ‘ஜி’ என்ற எழுத்தோடு ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் படைத்துறை அந்தச் சின்னத்துக்கு அளித்த அங்கீகார எண். அதைக் கொண்டு எந்தப் பிரிவு என்பதைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க முடியும். பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 4: கோடுகளை எண்ணுங்கள்

எந்த நாட்டு உடுப்பானாலும், பதவியை உடம்பின் எந்த இடத்தில் காட்டுகிறார்கள் என்பதே முதல் கேள்வி. பிரெஞ்சுப் படையில் ‘கலோன்’ என்னும் கோடுகள். பழைய படங்களில் அவை கை முனையிலும், பிந்தைய காலத்தில் தோளிலும் இருக்கும்.

கோடு கம்பளி நூலா, பொன் அல்லது வெள்ளிச் சரிகையா என்று முதலில் பாருங்கள். ஒரு கம்பளிக் கோடு முதல் வகுப்புச் சிப்பாய். இரண்டு கம்பளிக் கோடு கப்போரால். கம்பளி கலக்காமல் சரிகை மட்டும் இருந்தால் அவர் சார்ஜெண்ட் வரிசைக்கு ஏறிவிட்டார். அங்கே கோடுகளின் எண்ணிக்கை காலத்துக்குக் காலம் மாறியிருப்பதால் ஆண்டு தெரியாமல் முடிவு கட்ட வேண்டாம். ஒரே சரிகைக் கோட்டின் நடுவே மெல்லிய சிவப்பு இழை ஓடினால் அவர் அட்ஜுதான். புதியவர்கள் இவரை அதிகாரி என்று எழுதிவிடுவார்கள். அந்தச் சிவப்பு இழையைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும்.

அதிகாரிகளுக்குக் கணக்கு எளிது. ஒன்று சூ-லியூத்னான், இரண்டு லியூத்னான், மூன்று கப்பித்தேன், நான்கு கொமாந்தான். ஐந்து கோடும் ஒரே நிறமானால் கொலோனெல். பொன்னும் வெள்ளியும் மாறிமாறி வந்தால் லியூத்னான்-கொலோனெல். நட்சத்திரங்கள் ஜெனரலுக்கு உரியவை, இரண்டில் தொடங்கும்.

படி 5: கெப்பி

வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் ஆடித் தேரோட்டத்தில் பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்துத் தொடங்கி வைத்த வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநர் வழியாகத் தொடர்கிறது. அன்று காவலுக்கு நிற்கும் போலீஸ்காரர்களின் தலையில் சிவப்புக் கெப்பி. அதன் வடிவத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்: தட்டையான உச்சி, நேர்சுவர், முன்னால் சின்ன விளிம்பு. ஆனால் பெட்டியில் முழுச் சிவப்புக் கெப்பி கிடைத்தால், தாத்தா சொல்தாவா, புதுச்சேரி போலீஸா என்று வீட்டில் கேட்ட பிறகே எழுதுங்கள். காலனிக் காலாட்படைச் சிப்பாயின் கெப்பி கருநீலம். ஓரங்களில் சிவப்பு இழை, முன்னால் சிவப்பு நங்கூரம். வெள்ளைக் கெப்பி லெஜியோனுடையது. அதிகாரியின் கெப்பி உச்சியில் சரிகையால் பின்னிய முடிச்சு இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் அதை ஹங்கேரிய முடிச்சு என்றே அழைக்கிறார்கள். ஹங்கேரியின் குதிரை வீரர்களான ஹுசார்களின் உடுப்பு ஐரோப்பா முழுவதற்கும் பரவியதன் அடையாளம் இது.

படி 6: மெடலும் ரிப்பனும்

உலோகம் கறுத்திருந்தாலும் ரிப்பன் பேசும். வெளிப்புறம் வெளுத்திருக்கும், மடிப்புக்குள் பார்த்தால் உண்மை நிறம் தெரியும்.

பச்சை ஓரத்தோடு மஞ்சள் ரிப்பன் என்றால் மெதாய் மிலித்தேர். 1852இல் ஏற்படுத்தப்பட்ட இது சிப்பாய்களுக்கும் சார்ஜெண்ட் வரிசைக்கும் உரிய பெரும் கௌரவம்; உங்கள் பெட்டியில் இருந்தால் அதை எளிதாக நினைக்காதீர்கள். இரண்டு வாள்கள் குறுக்கிட்ட வெண்கலச் சிலுவை க்ருவா தெ கேர். பச்சையில் மெல்லிய சிவப்புக் கோடுகள் இருந்தால் முதல் உலகப்போர், சிவப்பில் பச்சைக் கோடுகள் இருந்தால் இரண்டாவது. நடுவே வெளிர்நீலம், இருபுறமும் சிவப்பு என்றால் வெளிநாட்டுப் போர்க்களங்களுக்கானது. இந்தோசீனாவுக்குப் போன சொல்தாவிடம் இதையே எதிர்பார்க்கலாம். ரிப்பன்மேல் உள்ள நட்சத்திரமும் ஓலை வடிவமும் அவருடைய பெயர் எந்த மட்டத்துப் படை அறிக்கையில் பாராட்டப்பட்டது என்பதைச் சொல்பவை. கழன்றிருந்தால் பெட்டியின் அடியில் தேடுங்கள்.

வெளிர்நீலமும் வெள்ளையும் கலந்த ரிப்பன் 1893இல் தொடங்கிய காலனி மெடலுடையது. அதில் செருகிய சிறு தகட்டில் ‘மரோக்’, ‘எக்ஸ்த்ரேம் ஓரியான்’ என்று இடப்பெயர் இருக்கும். அவர் போன இடம் அதுதான். மஞ்சளும் பச்சையும் கலந்த ரிப்பனில், மூன்று தலை யானை பொறித்த மெடல் 1953இல் வந்த இந்தோசீன நினைவு மெடல். இரட்டைக் குறுக்குச் சட்டம் கொண்ட லொரேன் சிலுவை, நீலத்தில் சாய்ந்த சிவப்புக் கோடுகளோடு இருந்தால் அவர் சுதந்திர பிரான்சுக்குத் தாமாக முன்வந்து போனவர்.

தோளில் தொங்கும் பின்னல் கயிறு மட்டும் தனிக் கதை. அது படைப்பிரிவு முழுவதற்கும் கிடைத்த கௌரவம். அதை வைத்து ‘தாத்தா வாங்கிய விருது’ என்று எழுதக்கூடாது.

படி 7: போட்டோ

பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருள்கள் சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை வெளுப்பாகவும் காட்டின. கறுப்பாகத் தெரியும் கெப்பி சிவப்பாக இருந்திருக்கலாம். பிரெஞ்சுப் படையில் மெடல் இடது மார்பில் குத்தப்படும். படத்தில் அது அவருடைய வலது மார்பில் தெரிந்தால் படம் திருப்பி அச்சிடப்பட்டிருக்கிறது. பின்பக்கத்து ஸ்டுடியோ முத்திரையைக் கண்டிப்பாகப் படியுங்கள். சைகோன், மார்செய், தூலோன் என்றால் பயணப் பாதை; ஃப்ரேழுஸ் என்றால் காலனிப் படைகளின் முகாம் இருந்த ஊர்.

படி 8: காகிதத்தோடு பொருத்துங்கள்

உடுப்பு ஒரு சாத்தியத்தைத்தான் காட்டும், காகிதமே உறுதி செய்யும். ‘லிவ்ரே மிலித்தேர்’ என்ற சிறு படைப் புத்தகமும், ‘மத்ரிகுல்’ என்ற பதிவு எண்ணும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. முட்டை வடிவ அடையாளத் தகட்டிலும் அந்த எண் இருக்கும். போரில் இறந்தவரானால், பிரெஞ்சு பாதுகாப்புத் துறையின் ‘மெமுவார் தெஸ் ஓம்’ இணையதளத்தில் பெயரைத் தேடலாம். முதல் உலகப்போரில் இறந்தவர்களுக்காகக் கடற்கரைச் சாலையில் எழுப்பிய நினைவுச்சின்னத்துக்கு ஜூலை 14 அன்று முன்னாள் சொல்தாக்கள் மெடல் அணிந்து வருவார்கள். மரியாதையோடு படங்களைக் காட்டிக் கேளுங்கள். எந்தப் புத்தகமும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். அந்த அறிவு அவர்களோடு போய்விடுமுன் கேட்டுவிட வேண்டும்.

பணிப் பதிவுக்குப் பிரான்சின் போ நகரத்திலுள்ள படைப் பணியாளர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். பதிவு எண், பிறந்த தேதி, பிறந்த ஊர், உங்களுக்கு உள்ள உறவு ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். பெயரை பிரெஞ்சுப் பதிவேட்டில் உள்ளபடியே எழுத வேண்டும். 1881க்குப் பிறகு துறப்பு எழுதிக் கொடுத்த குடும்பங்கள் புதுக் குடும்பப்பெயர் எடுத்துக்கொண்டன. வீட்டில் கூப்பிட்ட பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்காது.