கிடாருக்கு எந்த வால்யூம் கண்ட்ரோல்?

சிவகாசி, விருதுநகர் வட்டாரத்து மாணவர்களுக்கு வெடிச் சத்தத்தைப் பற்றி நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தாலும் ஒரு கேள்வி. ஒரே மாதிரியான பத்து வெடிகள் ஒரே கணத்தில் வெடித்தால், ஒரு வெடியைப் போலப் பத்து மடங்கு சத்தம் கேட்குமா? கேட்காது. நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் தோன்றும். ஒலியின் ஆற்றல் பத்து மடங்கானால் காது ஒரு படி ஏறுகிறது. நூறு மடங்கானால் இரண்டே படி. கணக்குப் பாடத்தில் நீங்கள் படித்த மடக்கைதான் இது. இந்தப் படி ஒவ்வொன்றையும் 10 டெசிபல் என்கிறோம்.

நம் நாட்டுப் பட்டாசு விதியிலேயே மடக்கை இருக்கிறது. 1999-இல் வந்த அந்த விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. சரத்தில் கோத்த வெடியானால், வெடிகளின் எண்ணிக்கைக்கு மடக்கை கண்டு, அதை 5 ஆல் பெருக்கி, 125-இலிருந்து கழிக்க வேண்டும். நூறு வெடிக்கு மடக்கை 2. எனவே சரத்திலுள்ள ஒவ்வொரு வெடிக்கும் வரம்பு 115. (சரவெடிக்கே 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்துவிட்டது; கணக்கு மட்டும் நமக்குப் பயன்படட்டும்.)

இனி கிடாருக்கு வருவோம். பங்குனிப் பொங்கல் மேடையில் மெல்லிசைக் கச்சேரி நடக்கும்போது, கிடார்க்காரர் வால்யூம் குமிழைத் தொட்டதும் ஒலிபெருக்கியில் 'கரகர'வென்று ஓர் இரைச்சல் எழுவதைக் கேட்டிருப்பீர்கள். குமிழுக்கு அடியில், குதிரை லாடம் போல வளைந்த கரிப்பூச்சுத் தடம் ஒன்று உண்டு. அதன்மேல் உலோக நாக்கு ஒன்று தேய்த்தபடி நகர்கிறது. தடத்தில் தூசி படிந்தாலோ, பூச்சு தேய்ந்தாலோ இரைச்சல் வரும். முதலில் கான்டாக்ட் கிளீனரைப் பீய்ச்சி, குமிழை இருபது முறை திருப்பிப் பாருங்கள். தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம்; தூசியை அதுவே இழுத்துச் சேர்த்துவிடும். அப்படியும் நிற்காவிட்டால்தான் புதிய கண்ட்ரோல் தேவை.

கடையில் இரண்டு இனம் கிடைக்கும். ஒன்று நேர்விகித இனம்: பாதி திருப்பினால் பாதி மின்தடை. மற்றொன்று மடக்கை இனம்: பாதி திருப்பினாலும் மொத்தத் தடையில் 10 முதல் 20 சதவீதம்தான் வரும். வால்யூமுக்கு நேர்விகித இனத்தைப் போட்டால் என்ன ஆகும்? குமிழை 10-இலிருந்து 5-க்குக் குறைத்தால் மின்னழுத்தம் பாதியாகும். அது 6 டெசிபல் இறக்கம்தான். காதுக்கு ஒரு படி கூட இறங்கவில்லை! பிறகு கடைசி விரற்கடையில் ஒலி திடீரென்று செத்துவிடும். பாடகர் மெல்லப் பாடும் இடத்தில் கிடாரை மெல்லத் தணிக்க முடியாது. ஆகவே வால்யூமுக்கு மடக்கை இனமே ஏற்றது.

பெரும்பாலும் மடக்கை இனத்தின் மேல் ஏ என்றும், நேர்விகித இனத்தின் மேல் பி என்றும் இருக்கும். பழைய ஐரோப்பியச் சரக்கில் இந்த எழுத்துகள் மாறி வரும். எழுத்தை நம்புவதைவிட மல்டிமீட்டரை நம்பலாம். தண்டு உங்களைப் பார்க்கவும், மூன்று கால்கள் கீழே இருக்கவும் பிடித்து, குமிழை நடுவில் நிறுத்தி, இடது காலுக்கும் நடுக் காலுக்கும் இடையே அளந்து பாருங்கள். 250 கிலோஓம் கண்ட்ரோலில் 125-ஐ ஒட்டி வந்தால் நேர்விகிதம்; 25-இலிருந்து 50-க்குள் வந்தால் மடக்கை.

அடுத்தது ஓம் அளவு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரேடியோ மெக்கானிக் கடையில் 10 கிலோஓம் கண்ட்ரோல் உடனே கிடைக்கிறதே, அதைப் போட்டால் என்ன?

கிடார்க் கம்பிகளுக்கு அடியில் உள்ள பிக்-அப் என்பது காந்தத்தைச் சுற்றி, தலைமயிரை ஒத்த செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருள். எஃகுக் கம்பி காந்தப் புலத்தில் அதிரும்போது சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. மின்சார மாண்டலினில் கர்நாடக இசை வாசித்துப் புகழ்பெற்ற யு. ஸ்ரீநிவாஸின் வாத்தியத்திலும் வேலை செய்தது இதே தத்துவம்தான். இத்தகைய சுருளின் தடை 6,000 ஓம், தன்மின்தூண்டல் எண் 2.5 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். 10,000 ஓம் கண்ட்ரோலைச் சேர்த்தால் மொத்தம் 16,000. இதை 2 × 3.14 × 2.5 ஆல் வகுத்தால் சுமார் 1,000 வரும். அதாவது 1,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் தேயத் தொடங்கும். கிடாரின் மெல்லிய கம்பியை வெறுமனே மீட்டினாலே 330 ஹெர்ட்ஸ். அதற்குப் பளபளப்பைத் தரும் 1,320, 1,650 ஹெர்ட்ஸ் மேற்சுரங்கள் எல்லாம் மங்கிப்போகும். கம்பளிக்குள் சுருட்டி வைத்து வாசித்தது போலிருக்கும். கிடார் கெட்டுவிட்டதென்று விற்றுவிடக்கூடத் தோன்றும். குற்றமோ அந்தச் சிறிய கண்ட்ரோலுடையது!

ஒற்றைச் சுருள் பிக்-அப்புக்கு 250 கிலோஓம், இரட்டைச் சுருள் 'ஹம்பக்கர்' பிக்-அப்புக்கு 500 கிலோஓம் என்பது வழக்கம். ஹம்பக்கரின் ஒலி இயல்பிலேயே சற்றுக் கனத்தது. அதனால் அதன்மேல் சுமை குறைவாக இருப்பது நல்லது. இந்தக் கண்ட்ரோல்களில் 20 சதவீதம் கூடுதல் குறைவு சகஜம். 250 என்று அச்சிட்டது 200-ஆகவும் இருக்கும், 300-ஆகவும் இருக்கும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் அளந்தே வாங்குங்கள்.

டோன் கண்ட்ரோலுக்கும் அதே ஓம் அளவு போதும். அதனுடன் ஒரு மின்தேக்கி சேரும். அது உச்ச ஒலிகளை மட்டும் தரைக்கம்பிக்கு வடித்துவிடும். ஒற்றைச் சுருளுக்கு 0.047 மைக்ரோஃபாரடு, ஹம்பக்கருக்கு 0.022. மேலே 473, 223 என்று எழுதியிருக்கும்: 47-க்குப் பின் மூன்று சுழியம், அத்தனை பிக்கோஃபாரடு என்று பொருள். 50 வோல்ட் தாங்கும் சாதாரணப் பாலியெஸ்டர் மின்தேக்கியே தாராளம். அதிக விலைக்கு விற்பவற்றில் தனி இனிமை ஏதும் ஒளிந்திருக்கவில்லை.

தண்டின் கனத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 6 மில்லிமீட்டர் தண்டில் கால் அங்குலக் குமிழ் ஆடும். பழைய கண்ட்ரோலைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்வது உத்தமம். ஆனால் அதைக் கழற்றுவதற்கு முன், எந்தக் கம்பி எந்தக் காலில் இருந்தது என்று ஒரு தாளில் படம் வரைந்துகொள்ளுங்கள். ஓரக் கால்கள் இரண்டும் இடம் மாறிவிட்டால், குமிழைக் கூட்டும்போது ஒலி குறையும்.